பன்னிரண்டு கம்பி மாண்டலின்

மலாயாவில் கோத்தா திங்கிக்கும் ஜோகூர் பாருவுக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காளியப்பனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, காற்றாடி வார் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். சட்டைக் கை சிக்கிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியோடு போய்விட்டன. மற்ற மூன்றும் தப்பித்தது அதிர்ஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொன்னார்கள். பஸ் ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டான். கியரைத் தள்ள உள்ளங்கை போதும், தாராளமாக ஓட்டலாம் என்றார் அவர். இன்னொரு கேள்வியும் அவனுக்கு இருந்தது. அதை யாரிடமும் கேட்கவில்லை.

அவனிடம் ஒரு மாண்டலின் இருந்தது. ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த, போர்த்துகீசிய வம்சத்துச் செராணி ஒருவர், வேலையை விட்டு மலாக்காவுக்குத் திரும்பியபோது அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற முதுகு, நான்கு ஜோடியாக எட்டு எஃகுக் கம்பிகள். கற்றுக்கொடுக்க ஆளில்லை. மாரியம்மன் கோவில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் வீரமுத்து வாயால் சுவரம் சொல்வார், இவன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். அப்படியே ஏழெட்டு வருஷத்தில் கை படிந்துவிட்டது. சனிக்கிழமை பஜனைக்குக் காளியப்பனின் மாண்டலின் இல்லாமல் யாரும் பாட ஆரம்பிப்பதில்லை என்ற அளவுக்கு ஆகியிருந்தது.

விரல்கள் போன பிறகு அவன் கோவிலுக்குப் போன முதல் சனிக்கிழமை, வீரமுத்து எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு ஜோடி ஜால்ராவைக் கொடுத்தார். அதில் துளிகூடக் கேலி இல்லை. ஆளை விட்டுவிடக்கூடாது என்ற அக்கறைதான். காளியப்பனும் தட்டினான். வீட்டுக்கு வந்ததும் ராஜம்மா, இன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டதற்குத் தாளம் தப்பவில்லை என்று மட்டும் சொன்னான்.

ஆனாலும் மாண்டலினை அவன் மூட்டை கட்டிவிடவில்லை. ரப்பர் விலை படுத்துப்போயிருந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைப்பு, ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் கூட்டம். பஸ் பாதிக்கு மேல் காலியாகத்தான் ஓடியது. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே தூங்குமூஞ்சி மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பின் இருக்கையில் உட்கார்ந்து கட்டைவிரல் போக மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்து என்ன செய்யமுடிகிறது என்று பார்ப்பான். ஒரு கம்பியில் விரல் வைக்காமல் தட்டினால் ச. ஆள்காட்டி விரலை வைத்தால் ரி. நடுவிரலை வைத்தால் க. அதற்கு அடுத்த ம, போய்விட்ட மோதிர விரலுக்கு உரியது. ப அடுத்த கம்பியில் தொடாமலே வந்துவிடும். ஆக மொத்தம் ஒவ்வொரு கம்பியிலும் இந்த ம போன்ற நாலாவது சுவரம் ஒன்றுதான் தகராறு. மெதுவான பாட்டு என்றால் நடுவிரலையே தள்ளிவைத்துச் சமாளிப்பான். வேகமான பாட்டில் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுவான்.

ஒரு நாள் வெயிலில் காய்ந்திருந்த முறுக்காணி ஒன்று தானாகவே நழுவியது. ப சொல்லவேண்டிய கம்பி இறங்கி, கரகரவென்று வேறு எதையோ சொன்னது. திருப்பி முறுக்கப் போனவன் நின்றான். அந்தக் கம்பி சொன்னது ம. ச, ரி, க என்று இரண்டு விரலால் வாசித்துவிட்டு, அடுத்த கம்பியைச் சும்மா தட்டினான். ம வந்தது. விரலே வைக்காமல் வந்தது. மறுபடி தட்டினான். பிறகு அதே கம்பியில் ஆள்காட்டி விரலை வைத்தான், ப. நடுவிரலை வைத்தான், த.

அன்றைக்கு ஜோகூர் பாருவுக்குப் பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது.

மற்ற கம்பிகளையும் அதே கணக்கில் இறக்கிப் பார்த்தான். இரண்டு விரல் போதுமாயிருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் வேறொரு சங்கடம் வந்தது. ஒவ்வொரு கம்பியும் முன்பு நடந்த தூரத்தைவிடக் குறைவாக நடந்ததால் நான்கு ஜோடியும் சீக்கிரமே தீர்ந்துபோயின. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கம்பி முடிந்துவிட்டது. மேலே சரிசெய்தால் கீழே இடமில்லை.

இதை அவன் வீட்டில் ராஜம்மாவிடம் விளக்கிச் சொன்னான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குச் சுவரம் தெரியாது. ஏணியில் படிகளை நெருக்கி வைத்தால் ஏணி குட்டையாகிவிடும், அதுதானே சங்கதி என்றாள். அதேதான் என்றான்.

"அப்ப இன்னும் ரெண்டு படி சேத்துக்கங்க. எட்டுக் கம்பிதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

காளியப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இன்னும் இரண்டு ஜோடி இருந்தால் பழைய நீளம் அப்படியே திரும்பிவிடும். இரண்டு ஜோடி, நான்கு கம்பி. மொத்தம் பன்னிரண்டு. அப்படி ஒரு மாண்டலினை அவன் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. உலகத்தில் யாருமே யோசிக்காத ஒன்று தனக்குப் பஸ்ஸின் பின் இருக்கையில் தோன்றிவிட்டது என்ற எண்ணம் அவனுக்குள் மெல்லத் தலைதூக்கியது. ராஜம்மாவிடம், இதை யாருக்கும் சொல்லாதே என்றான். நான் யாரிடம் சொல்லப்போகிறேன், சொன்னால்தான் யாருக்குப் புரியப்போகிறது என்றாள் அவள்.

முதலில் ஜோகூர் பாருவில் அலமாரி செய்யும் ஒரு சீன ஆசாரியிடம் போனான். அவர் பழைய மாண்டலினைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். மேசை நாற்காலி சும்மா நிற்கும், இது ராத்திரி பகல் இழுத்துக்கொண்டே இருக்கும், இழுத்துக்கொண்டே இருக்கிற சாமான் எனக்குப் பழக்கமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் போனது. ஒரு நாள் பஸ்ஸில் ஏறிய மலாய்க்காரர் ஒருவர் சாரோங்கில் சுற்றிய எதையோ குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தார். சுற்றுக்கு வெளியே பின்னால் வளைந்த கழுத்து தெரிந்தது. கம்புஸ், எங்களுடைய நரம்பு வாத்தியம் என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று காளியப்பன் ஓட்டிக்கொண்டே கேட்டான். கோத்தா திங்கியிலேயே, ஆற்றுக்கு அக்கரையில், கொஞ்சம் மேலே, சம்பான் படகு கட்டும் ஹாசிமிடம் என்றார்.

ஹாசிமுக்குக் காளியப்பனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மரத்தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கு அடியில்தான் பட்டறை. ஒரு பக்கம் பாதி கட்டிய சம்பான், இன்னொரு பக்கம் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் கம்புஸ் முதுகுகள். அப்பாவும் தாத்தாவும் படகுதான் கட்டினார்களாம், மரம் மிஞ்சும்போதெல்லாம் கம்புஸ் செய்தார்களாம். இவர் மரம் மிஞ்சாவிட்டாலும் செய்தார்.

காளியப்பன் பழைய மாண்டலினை அவர் முன்னால் வைத்து, இதேபோல ஒன்று வேண்டும், ஆனால் பன்னிரண்டு கம்பி என்று மலாயில் சொன்னான். ஆள் திகைத்துப் போவார் என்று எதிர்பார்த்தான். ஹாசிம் திகைக்கவில்லை. எங்கள் கம்புஸிலேயே பதினொன்று இருக்கிறது, எட்டை வைத்துக்கொண்டு நீங்கள்தான் எப்படிக் காலம் தள்ளினீர்கள் என்று கேட்டார். அவருக்குப் பயம் கம்பியின் எண்ணிக்கையில் இல்லை, எஃகில் இருந்தது. கம்புஸுக்கு ஆட்டுக்குடல் நரம்பு, அது மெதுவாகத்தான் இழுக்கும். எஃகு பன்னிரண்டு சேர்ந்து இழுத்தால் மரம் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்பதைச் சொன்ன விதத்திலேயே அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று காளியப்பனுக்குப் புரிந்தது.

பிறகு அவர் காளியப்பனின் இடது கையைப் பார்த்தார். மறைக்காமல் நேராகவே பார்த்தார்.

"ரெண்டு விரலுக்குப் பன்னிரண்டு கம்பியா? எதுக்கு, தம்பி?"

"செஞ்சு முடிச்சதும் காட்டுறேன், பாங்," என்று மலாய் வழக்கப்படி அண்ணன் முறை வைத்தான்.

ஹாசிம் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் விட்டுவிடவும் இல்லை. காளியப்பன் வாரம் ஒரு முறையாவது சம்பானில் ஆற்றைக் கடந்து பட்டறைக்குப் போவான். போகும்போதெல்லாம் அவர் ஒரு புதிய ஊகம் வைத்திருப்பார். கனத்த குரலுக்குக் கீழ்க்கம்பி வேண்டுமாக்கும் என்பார். இல்லை என்பான். சும்மா அதிர்ந்துகொண்டே இருப்பதற்கா? இல்லை. ஒரு நாள், உனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனும் நீயும் ஒரே மாண்டலினில் சேர்ந்து வாசிக்கப்போகிறீர்கள், பாதி உனக்குப் பாதி அவனுக்கு என்றார். காளியப்பன் சிரித்த சிரிப்பில் ஆற்றில் போய்க்கொண்டிருந்த சம்பான்காரர் திரும்பிப் பார்த்தார்.

பலாமரத்துக் கட்டை ஒன்றைக் குடைந்து முதுகு உருவானது. பழைய மாண்டலினின் முதுகு சிறு சிறு பட்டைகளை ஒட்டிச் செய்தது. அந்த வேலை தனக்கு வராது என்று ஹாசிம் முதலிலேயே சொல்லிவிட்டார். தோணி குடைவதுபோலக் குடைந்தார். வெளியே மஞ்சள் மாறாத பலா, உள்ளே உளித்தடங்கள். கழுத்து விஷயத்தில் வாக்குவாதம் நடந்தது. ஆறு ஜோடிக்கு அகலமான கழுத்து வேண்டும். அகலமாக்கினால் காளியப்பனின் இரண்டு விரல் கடைசிக் கம்பிக்கு எட்டாது. ஹாசிம் அவன் கையைத் தன் மடியில் வைத்து, மெழுகை உருட்டிப் பிடிக்கச் சொல்லி, அவன் பிடித்த வடிவத்திலேயே கழுத்தின் பின்பக்கத்தைச் சீவினார். அகலம், ஆனால் மெலிசு. மெலிசானது வளைந்துவிடுமே என்பதற்காக நடுவில் பள்ளம் எடுத்து, படகின் அடிக்கட்டைக்குப் போடும் செங்கால் மரத்தில் ஒரு பட்டையை இறக்கினார்.

மெட்டுகள் என்று கழுத்தின் குறுக்கே வைக்கும் பித்தளைத் துண்டுகளைப் பதிக்கும்போதுதான் அவர் முகம் சுளித்தார். கம்புஸில் மெட்டு கிடையாது. விரல் எங்கே நின்றாலும் அதுவே இடம். இப்படி வேலி போட்டு வைத்தால் சுவரத்துக்கும் சுவரத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டார். எனக்கு விரல் குறைவு, வேலி இருந்தால்தான் வழி தெரியும் என்றான் காளியப்பன். பழைய மாண்டலினில் மெட்டுகளின் இடைவெளியை ஓலை நறுக்கில் அளந்து அப்படியே பதித்தார்.

கம்பிகளைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கார்த்திகை மாசத்தில் ஒரு மதியம், ஹாசிமும் காளியப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டத் தொடங்கினார்கள். சுருதியைப் பற்றி இன்னும் கவலைப்படவில்லை, கம்பி விறைப்பாக நின்றால் போதும் என்றிருந்தது. பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. அடுத்ததை முறுக்கும்போது உள்ளேயிருந்து சொடக்குப் போட்டதுபோல் ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கும் குதிரை நின்ற இடத்தில் மேல்பலகை மெதுவாக, கண்ணுக்கு முன்னாலேயே, குழிந்துபோனது.

தன் முட்டாள் யோசனைக்காக இன்னொருவருடைய இத்தனை மாச உழைப்பு பாழாகிவிட்டதே என்றிருந்தது காளியப்பனுக்கு. ஹாசிமின் முகத்தைப் பார்க்கத் தயங்கிப் பார்த்தான். அவரோ கம்பிகளை அவிழ்த்துவிட்டு, பலகையைக் கத்தியால் நெம்பி எடுத்து, உள்ளே தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தார்.

"இங்க பாரு. நான் நினைச்ச எடத்துல உடையல. இதுக்குப் பக்கத்துல உடைஞ்சிருக்கு."

அவர் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது.

அந்த வாரமே வெள்ளம் வந்தது. வருஷக் கடைசியில் ஆறு ஏறுவது வழக்கம்தான், அந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே ஏறியது. ரோடு மூழ்கி பஸ் நின்றுவிட்டது. கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காளியப்பனின் வீடு மேட்டில் இருந்ததால் ராஜம்மா அண்டை வீட்டுப் பானைகளையெல்லாம் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மழை வெறித்ததும், அக்கரைக்குப் போய் வரட்டுமா என்று கேட்டான். தண்ணீர் இப்படி ஓடும்போது ஒரு மரத்துண்டைப் பார்க்கப் போகவேண்டுமா என்றாள். சற்று நேரம் கழித்து, அந்த மனுஷருடைய வீடு தூண்மேல்தானே நிற்கிறது, அங்கே எப்படி இருக்கிறார்களோ, போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று அவளே ஒரு பொட்டலம் அரிசியும் கருவாடும் கட்டிக்கொடுத்தாள்.

பட்டறை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. பாதி கட்டிய சம்பான், தூணில் கட்டியபடி தானாகவே மிதந்துகொண்டிருந்தது. ஹாசிம் எல்லாவற்றையும் மேலே வீட்டுக்குள் ஏற்றியிருந்தார். அறைக்குள் நுழைந்ததும் காளியப்பன் தலையில் மாண்டலின் முதுகு இடித்தது. உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே புதிதாக இரண்டு குறுக்குச் சட்டங்கள். படகின் வயிற்றுக்குள் விலா வைப்பதுபோல வைத்திருந்தார். வெள்ளத்தில் வேறு வேலை இல்லை என்று புதிய மேல்பலகையையும் சீவி வைத்திருந்தார். இந்தத் தடவை அதைக் கொஞ்சம் மேடாக வளைத்திருந்தார், அமுக்கினால் தாங்கட்டும் என்று.

தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபின் ஒரு வெள்ளிக்கிழமை, ஹாசிம் தொழுகை முடிந்து வந்ததும் இரண்டாம் முறையாகக் கம்பி கட்டினார்கள். அன்றைக்கு ராஜம்மாவும் கூட வந்திருந்தாள். ஹாசிமின் மனைவி அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டும் ஏறின. பலகை முனகியது, ஆனால் நின்றது. ஹாசிம் அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

இனி சுருதி. இத்தனை மாசம் பொத்தி வைத்திருந்ததைத் திறக்கவேண்டிய நேரம். காளியப்பன் மாண்டலினை மடியில் வைத்து, அடிக்கம்பி ஜோடியை முறுக்கிச் சேர்த்தான். ஹாசிம் பலகைத் தரையில் சம்மணமிட்டுக் கவனித்தார். இரண்டாவது ஜோடி. மூன்றாவது ஜோடியை முறுக்கும்போது ஹாசிமின் புருவம் உயர்ந்தது. நான்காவது சேர்ந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாவதற்குக் காளியப்பன் முறுக்காணியைத் தொடுவதற்குள், அவர் வாய்க்குள்ளேயே ஒரு சுவரத்தை முனகினார். காளியப்பன் முறுக்கினான். கம்பி ஏறி ஏறி, அவர் முனகிய இடத்திலேயே வந்து நின்றது.

அவன் கை நின்றுவிட்டது.

"அடுத்தது இது," என்று ஹாசிம் ஆறாவதையும் பாடினார். அதுவும் சரியாக இருந்தது.

கொஞ்சம் கொடு என்று கைநீட்டினார். காளியப்பன் கொடுத்தான். ஹாசிம் கம்பியைத் தட்டும் ஆமையோட்டுத் துண்டையும் வாங்கி ஓரிரு முறை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். பிறகு வாசித்தார். கல்யாண வீடுகளில் ஆண்கள் எதிரெதிர் வரிசையாக நின்று ஆடுவார்களே, அந்த ஸப்பின் ஆட்டத்துக்கான பாட்டு. தேடவில்லை, தடுமாறவில்லை. அந்த வாத்தியத்தை வருஷக்கணக்காக வைத்திருந்தவர்போல வாசித்தார். எஃகு கணீரென்று அறை முழுக்கத் தெறித்தது. உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் வந்து கதவருகில் நின்றார்கள். மெட்டு குறுக்கே வந்த இரண்டொரு இடத்தில் மட்டும் அவர் உதட்டைச் சுழித்துக்கொண்டார்.

நிறுத்திவிட்டுச் சொன்னார், "இது கம்புஸ் சுருதிதான், தம்பி. எங்க அப்பா வெச்ச மாதிரியே இருக்கு."

காளியப்பன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜால்ரா, முறுக்காணி நழுவியது, விரல் வைக்காமல் வந்த ம, ராஜம்மா சொன்ன ஏணி, எல்லாம். சொல்லச் சொல்ல, தான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தது ஆற்றுக்கு அக்கரையில் காலங்காலமாக உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் நீங்கள் ஒரு கம்புஸையே எடுத்துக் கையில் கொடுத்திருப்பீர்கள், வீணாக உங்களைப் பாடுபடுத்திவிட்டேன் என்றான்.

ஹாசிம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்புஸ் கொடுத்திருப்பேன், உண்மைதான், மெட்டில்லாத கழுத்தில் நீ இடம் தெரியாமல் அலைந்து இரண்டே மாசத்தில் திருப்பிக் கொண்டுவந்திருப்பாய் என்றார். அதோடு, இந்தச் சத்தம் கம்புஸில் வராது. அவர் ஒற்றைக் கம்பியைத் தட்டி, அது அடங்கும்வரை காத்திருந்தார். அடங்க நேரம் பிடித்தது.

அப்போது கதவருகிலிருந்து ராஜம்மா தமிழில் கேட்டாள்.

"ஏங்க, இவங்களுக்குத்தான் அஞ்சு விரலும் இருக்கே. இவங்க எதுக்குக் கம்பிய இப்படிக் கிட்டக் கிட்டச் சேத்தாங்களாம்?"

காளியப்பன் அதை மலாயில் சொன்னான். அப்பா அப்படி வைத்தார், நானும் அப்படி வைத்தேன் என்றார் ஹாசிம். அப்பாவுக்கு யார் சொன்னது? தாத்தா. தாத்தாவுக்கு? கப்பலில் வந்த அரபுக்காரர்கள் என்பார்கள். அவர்களுக்கு? யாரும் கேட்டதில்லை. தன் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை ஆட்டிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் வாசிக்கும்போது இதற்கு அதிகம் வேலையே இல்லை என்றார். ஒருவேளை முதன்முதலில் கம்புஸ் செய்தவனுக்கும் விரல் போயிருக்குமோ என்று காளியப்பன் கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேட்ட பிறகு இரண்டு பேருமே அதை விடவில்லை. கப்பல் வேலை, பாய்மரக் கயிற்றில் விரல் சிக்கியிருக்கும் என்றார் ஹாசிம். இல்லை, மரம் அறுக்கும்போது போயிருக்கும் என்றான் காளியப்பன். பழப்பொரியல் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பெண்கள் இருவரும் இவர்களை விட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

வாத்தியம் கைக்கு வந்துவிட்டதே தவிர, வாசிப்பு உடனே வந்துவிடவில்லை. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. போன விரல்கள் மனசை விட்டுப் போகவில்லை. ம வரும்போதெல்லாம் இல்லாத மோதிர விரல் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு போகும், மொட்டைக் கணு கழுத்தின் ஓரத்தில் மோதும், அடுத்த கம்பியைச் சும்மா தட்டினால் போதும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். தெரியாததைக் கற்றுக்கொள்வதைவிடத் தெரிந்ததை மறப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் பஸ் நிற்கும் நேரமெல்லாம் ச ரி க ம என்று குழந்தைப் பாடமாகவே வாசித்தான். பயணிகள் சிலர் காது கொடுத்துக் கேட்டார்கள், சிலர் எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள். ஹாசிம் இக்கரைக்கு வரும் நாட்களில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தன் கம்புஸை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வாசிப்பார். எந்த இடத்தில் விரல் தவறாகப் போகிறது என்று அவர் சொல்வதில்லை. இல்லாத விரல் எங்கே போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சித்திரை பிறந்து ஒரு சனிக்கிழமை, காளியப்பன் பன்னிரண்டு கம்பி மாண்டலினோடு கோவிலுக்குப் போனான். வீரமுத்து வழக்கம்போல ஜால்ராவை நீட்டினார். காளியப்பன் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, துணியை அவிழ்த்தான். வீரமுத்து கம்பிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஆர்மோனியத்துக்குத் திரும்பி, சுருதி கொடுத்தார்.

முதல் பாட்டில் இரண்டு இடத்தில் தவறியது. இரண்டாவது பாட்டு வேகமானது, விரல் போனதிலிருந்து அவன் தொடாத பாட்டு. அதில் ஓரிடத்தில் ம வந்தது. அவன் நினைக்கவில்லை, தேடவில்லை, அது தானாக வந்து போய்விட்டது. அதற்கப்புறம்தான் வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் அடுத்த வரியைக் கோட்டைவிட்டான். வீரமுத்து ஆர்மோனியத் துருத்தியை நிறுத்தாமலே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பஜனை முடிந்ததும் முதல் ஆளாக வந்து, எந்த விரலால் வாசித்தாய் என்று கேட்டார்.

"விரல் வைக்கலண்ணே. சும்மா தட்டினேன்."

வீரமுத்து நம்பாமல் மாண்டலினை வாங்கி, கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஜால்ராவைப் பூக்கட்டும் செல்லத்தின் புருஷனிடம் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையே ஹாசிமுக்கும் ஆசை வந்துவிட்டது. தனக்கென்று இன்னொன்று செய்தார், அதே பலா, அதே விலாச் சட்டம், அதே எஃகுக் கம்பி. மெட்டுகளை மட்டும் பதிக்கவில்லை. காளியப்பன் போய்ப் பார்த்தபோது வழவழவென்றிருந்த கழுத்தைத் தடவிக் காட்டினார். வேலி போட மனசு வரவில்லை என்றார். அவர் வாசிக்க, சுவரத்துக்கும் சுவரத்துக்கும் நடுவிலிருந்ததெல்லாம் அதில் வழுக்கிக்கொண்டு வந்தது. வீரமுத்து பாடும்போது குரலில் வருமே அந்தக் குழைவு, அது கம்பியில் வந்ததைக் காளியப்பன் முதன்முதலாகக் கேட்டான். மறுபடி வாசிக்கச் சொன்னான். அதற்குப் பின்னும் ஒரு தடவை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஹாசிமின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. காளியப்பனும் ராஜம்மாவும் போனார்கள். பந்தலில் ஆட்டத்துக்கு வாசிக்க ஹாசிம் உட்கார்ந்தார், பக்கத்தில் இருவர் தோல்கருவிகளோடு. காளியப்பனையும் இழுத்து உட்காரவைத்தார். ஸப்பின் பாட்டுகளில் அவனுக்கு நான்குதான் பாடமாகியிருந்தன. அவற்றை வாசித்தான், தெரியாதவற்றில் அடிக்கம்பியை மட்டும் தட்டிக்கொண்டு கூடப் போனான். ஆடுகிறவர்களின் கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின.

பாட்டு நின்றபோது ஒரு வயதான மாது அருகில் வந்து, இரண்டு வாத்தியங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதன் பெயர் என்ன என்று கேட்டாள். மாண்டலின் என்றான் காளியப்பன். அதே நேரத்தில் கம்புஸ் என்றார் ஹாசிம். கிழவி இருவரையும் பார்த்தாள். யாரும் திருத்திச் சொல்லவில்லை. தோல்கருவிக்காரர் அடுத்த பாட்டுக்குத் தட்டத் தொடங்கியிருந்தார். அது காளியப்பனுக்குத் தெரியாத பாட்டு. அவன் ஹாசிமின் இடது கையைப் பார்த்துக்கொண்டே, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளக் குனிந்தான்.